சேலஞ்சர் விபத்தை எந்தக் கோட்பாட்டை வைத்து விளக்கலாம்? உதவி தேவை

எல்லாருக்கும் வணக்கம். எம்.பி.ஏ. இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். நிறுவன நடத்தை பாடத்துக்கு சேலஞ்சர் விண்கல விபத்தை எடுத்திருக்கிறேன்.

1986 ஜனவரி 27 இரவு, விண்கலத்தை மேலே தள்ளும் பூஸ்டர் ராக்கெட்டைத் தயாரித்த மார்ட்டன் தியோக்கால் நிறுவனப் பொறியாளர்கள், 12 டிகிரி செல்சியஸுக்குக் கீழே ஏவவே வேண்டாம் என்றார்கள். பூஸ்டரின் இணைப்புகளில் வாயு கசியாமல் அடைக்கும் ரப்பர் வளையம் குளிரில் விறைத்துவிடும் என்பதுதான் பயம். நாசா தரப்பில் ஆட்சேபம் வந்ததும், அந்த நிறுவனத்தின் மூத்த அதிகாரி ஒருவர், பொறியியல் பிரிவின் தலைவரிடம் பொறியாளர் தொப்பியைக் கழற்றிவிட்டு மேலாளர் தொப்பியை மாட்டச் சொன்னார். ஏவலாம் என்று முடிவு மாறியது. மறுநாள் ஏவிய சற்று நேரத்தில் விண்கலம் சிதறி, அதிலிருந்த ஏழு பேரும் இறந்தார்கள்.

இந்த விபத்தை ஆராய்ந்த சமூகவியலாளர் டயான் வாகன் சொல்வது எனக்குச் சரியாகவே படுகிறது: யாரும் வேண்டுமென்றே விதியை மீறவில்லை, முந்தைய பயணங்களில் வளையம் அரித்தும் விபத்து நடக்காததால், அந்தச் சேதமே பழகிப்போய்விட்டது. ஒற்றுமைக்காகக் குழுவினர் மாற்றுக் கருத்தை அடக்கிவிடுவார்கள் என்ற உளவியலாளர் ஜேனிஸின் குழுச்சிந்தனைக் கோட்பாட்டைவிட இது ஆழமாகப் போகிறது.

சிக்கல் இங்கேதான். அத்தனை சீர்திருத்தத்துக்குப் பிறகும் 2003-இல் கல்பனா சாவ்லா சென்ற கொலம்பியா விண்கலமும் சிதறியது. எரிபொருள் தொட்டியிலிருந்து பெயர்ந்து இறக்கையில் மோதிய நுரைத்துண்டு அளவுக்கு நாசாவின் நிறுவனக் கலாசாரமும் காரணம் என்றது விசாரணைக் குழு. நிறுவன மாற்றத்தை உருக்குதல், மாற்றுதல், மீண்டும் உறையவைத்தல் என்று பிரிக்கும் லெவினின் மூன்று கட்ட மாதிரியில் இதை எப்படிப் பொருத்துவது? மாற்றம் உறையவில்லை என்பதா, பழையது உருகவே இல்லை என்பதா?

அறம் பற்றிய பகுதிக்கும் வழி சொல்லுங்கள். தனிமனிதத் தவறே இல்லை என்றால் பொறுப்பு யாருடையது? அந்தத் தொப்பி மாற்றத்தை அப்படியே விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை. தொழிற்சாலைப் பாதுகாப்புப் பிரிவில் இருப்பவர்கள் பதில் சொன்னால் மிகவும் உதவியாக இருக்கும்.