கணினி பிள்ளையின் வீட்டில் இருக்க வேண்டுமா, பள்ளியில் இருந்தால் போதுமா?

மலையடிவார ஆசிரியை (சத்தியமங்கலம்):
அனைவருக்கும் வணக்கம். அரசு மேல்நிலைப் பள்ளியில் பதினாறு ஆண்டுகளாகக் கணிதம் கற்பித்து வருகிறேன். தொகையீட்டுக் கணக்கைத் தாளில் நான்கே வரியில் முடிக்கக்கூடிய மாணவன் ஒருவனை, பொறியியல் கல்லூரிகளில் சேர எழுதும் ஜே.இ.இ. முதன்மைத் தேர்வுக்காக எங்கள் பள்ளியின் கணினி அறையான ஹைடெக் லேபில் பயிற்சிக்கு உட்கார வைத்தேன். மவுஸை மேசையின் ஓரம் வரை நகர்த்தியவன் அங்கேயே நின்றுவிட்டான். திரையில் அம்புக்குறி இன்னும் கொஞ்சம் வலப்பக்கம் போயாக வேண்டும், மேசையோ முடிந்துவிட்டது. மவுஸைத் தூக்கி மறுபடியும் நடுவில் வைத்துக்கொள்ளலாம் என்பது அவனுக்குத் தெரியவில்லை. என் முகத்தைப் பார்த்தான்.

2019 முதல் அந்தத் தேர்வு முழுக்கக் கணினியில்தான் நடக்கிறது. கோயம்புத்தூரில் கட்டணப் பள்ளியில் படிக்கும் பிள்ளைக்கு வீட்டிலேயே மடிக்கணினி இருக்கிறது. என் மாணவனுக்கு வாரத்தில் ஒரு பாடவேளை, அதிலும் ஒரு கணினிக்கு இரண்டு பேர். 2025-26 தமிழ்நாடு நிதிநிலை அறிக்கையில் கல்லூரி மாணவர் 20 லட்சம் பேருக்கு இரண்டு ஆண்டுகளில் மடிக்கணினியோ கைக்கணினியோ தரப்படும் என்று அறிவித்ததை வரவேற்கிறேன். ஆனால், எந்தக் கல்லூரி என்பதை முடிவு செய்யும் தேர்வைப் பள்ளியில் இருக்கும்போதே எழுதியாக வேண்டும் அல்லவா? பதினோராம் வகுப்பிலேயே பிள்ளைக்குச் சொந்தக் கணினி வேண்டும் என்பது என் கோரிக்கை.

திருச்செங்கோட்டுத் தகப்பன்:
டீச்சருக்கு வணக்கமுங்க. தங்கள் மாணவனின் நிலையைப் படித்து வருந்தினேன். இருந்தாலும் தாங்கள் சொல்லும் தீர்வை என்னால் ஏற்க முடியவில்லை. என் பிள்ளைகள் இருவரும் தனியார் பள்ளியில் படிக்கிறார்கள். கட்டணத்தோடு கைக்கணினிக்கும் பணம் கட்டினேன். ஓராண்டு கழித்துப் பார்த்தபோது என் மகன் ஒரு பத்தியைக்கூட நிதானமாகப் படிக்கும் பொறுமையை இழந்திருந்தான். வசதியுள்ள வீட்டிலேயே இதுதான் கதி என்றால், கேட்க ஆளில்லாத வீட்டில் என்ன ஆகும்?

பெரு நாட்டில் கிராமப்புறத் தொடக்கப் பள்ளிகளுக்குப் பிள்ளைக்கு ஒன்றாக மடிக்கணினி கொடுத்து, 15 மாதங்கள் கழித்து ஆராய்ந்தார்கள். கணிதத்திலும் மொழியிலும் முன்னேற்றம் எதுவும் தென்படவில்லை. நம் நாட்டு கிராமப்புறத்தைப் பற்றிய 2024ஆம் ஆண்டு ஏசர் (பிள்ளைகளின் கல்வி நிலையைக் கணக்கெடுக்கும் ஆய்வு) அறிக்கையும், கருவி கையில் இருந்தாலே படிப்பு வந்துவிடாது என்றுதான் காட்டுகிறது: ஸ்மார்ட்போன் இயக்கத் தெரிந்த 14 முதல் 16 வயதுப் பிள்ளைகளில், முந்தைய வாரத்தில் அதைப் படிப்புக்குப் பயன்படுத்தியவர்கள் 57 விழுக்காடு, சமூக ஊடகத்துக்குப் பயன்படுத்தியவர்கள் 76 விழுக்காடு. அந்தப் பணத்தில் காலிப் பணியிடங்களை நிரப்பி, பள்ளிக்கு ஒரு கணினி ஆசிரியரைப் போட்டால் அது பிள்ளைகளுக்குக் கடைசி வரை உதவும்.

காங்கேயத்து முன்னாள் மாணவன்:
இருவருக்கும் வணக்கம். 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில், அடுத்த ஆண்டு மடிக்கணினி பெற்றவன் நான். எங்கள் அம்மா விசைத்தறி ஓட்டினார். இரண்டாம் ஆண்டே பேட்டரி செத்துவிட்டது. அதற்குப் பிறகு ஒயரைச் செருகினால்தான் ஓடும். கரண்ட் போனால் அடித்ததெல்லாம் போய்விடும் என்பதால், இரண்டு வரிக்கு ஒரு முறை சேமிக்கும் பழக்கம் வந்தது. அந்தக் கருவியில்தான் வரையக் கற்றேன். இன்று திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் துணி வெட்டுவதற்கான பேட்டர்னைக் கணினியில் போடுகிறேன்.

தகப்பனார் அண்ணாவுக்கு ஒன்று சொல்ல வேண்டும். மடிக்கணினியை விற்றவர்கள் என் வகுப்பிலும் இருந்தார்கள், மறைக்கவில்லை. ஆனால், எனக்குத் தெரிந்து விற்ற இருவருமே அது பழுதான பிறகுதான் விற்றார்கள், ஏனென்றால் ஊரில் அதைச் சரி செய்ய ஆளில்லை, நகரத்துக் கடையில் கேட்ட கூலியோ அவர்கள் வீட்டு ஒரு வாரச் சம்பளம். கொடுத்த அரசு பழுது பார்க்கவும் ஒரு வழி வைத்திருந்தால் அவை இன்னும் சில ஆண்டுகள் உழைத்திருக்கும்.

மலையடிவார ஆசிரியை:
தகப்பனார் காட்டிய அதே ஏசர் அறிக்கையில் இன்னொரு கணக்கும் இருக்கிறது. ஸ்மார்ட்போன் இயக்கத் தெரிந்த அதே வயதினரில், சொந்தமாகப் போன் வைத்திருக்கும் ஆண் பிள்ளைகள் 36.2 விழுக்காடு, பெண் பிள்ளைகள் 26.9 விழுக்காடு. என் வகுப்புப் பெண்களின் வீட்டில் இருக்கும் ஒரே போன் அப்பாவுடன் வேலைக்குப் போய், இரவு ஒன்பது மணிக்குச் சார்ஜ் இல்லாமல் திரும்புகிறது. அதன் பிறகு அது அண்ணன் கைக்குப் போகிறது. பெருவில் ஆராய்ந்தது தொடக்கப் பள்ளிக் குழந்தைகளை. நான் கேட்பது கணினியில் தேர்வு எழுதப் போகும் பதினாறு வயதுப் பிள்ளைகளுக்கு. ஆசிரியர் வேண்டும் என்பதில் எனக்கும் மாற்றுக் கருத்தில்லை. ஆனால், ஆசிரியர் வந்தால் கருவி தேவையில்லை என்று ஆகிவிடாது.

திருச்செங்கோட்டுத் தகப்பன்:
பெண் பிள்ளைகளைப் பற்றித் தாங்கள் சொன்னதை நான் எண்ணிப் பார்க்கவில்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் ஒரு கேள்வி: இருக்கிற லேபை மாலை ஏழு மணி வரை திறந்து வைத்து, ஒரு பொறுப்பாளரை அமர்த்தினால் போதாதா? பழுது பார்ப்பதும் ஓரிடத்தில் முடியும், பிள்ளைகளும் ஒருவர் கண்காணிப்பில் இருப்பார்கள்.

மலையடிவார ஆசிரியை:
சென்ற ஆண்டு தலைமையாசிரியரின் அனுமதியோடு அதைச் செய்து பார்த்தோம். எங்கள் லேபில் உள்ள இருபது கணினிகளில் அப்போது பதின்மூன்று ஓடின. உள்ளூர்ப் பிள்ளைகள் வந்தார்கள், நன்றாகவும் கற்றார்கள். மலைக் கிராமத்துப் பிள்ளைகள் ஒருவரும் வரவில்லை. அவர்கள் ஊருக்குக் கடைசிப் பேருந்து ஐந்து மணிக்கு. அதை விட்டால் காட்டு வழியில் போக வேண்டும். அந்தி சாய்ந்தால் அது யானை இறங்கும் பாதை.

திருச்செங்கோட்டுத் தகப்பன்:
அப்படியானால் ஐந்து மணிப் பேருந்தில் ஏறும் பிள்ளைகளுக்கு வீட்டுக்கே கணினி கொடுத்தாக வேண்டும். அதில் இனி நான் வாதாட மாட்டேன். உள்ளூரில் இருப்பவர்களுக்கு லேபே போதும் என்ற என் கருத்தில் மாற்றமில்லை. மலையிலிருந்து எத்தனை பிள்ளைகள் வருகிறார்கள் டீச்சர்?

மலையடிவார ஆசிரியை:
பதினோராம் வகுப்பில் ஒன்பது பேர். அவர்களில் ஆறு பேர் பெண்கள்.