வாய் வார்த்தை கொடுத்தாச்சு, இப்போ வேறு காலேஜ் கூப்பிடுது

வியாசர்பாடி விங்கர்: தம்பி கால்பந்து ஆடுவான். ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் ஒரு காலேஜ் கோச்சிடம் வருகிறேன் என்று சொல்லிவிட்டான், கையெழுத்து எதுவும் இல்லை. இப்போது இன்னொரு கோச் வீட்டுக்கே வந்து ஃபீஸ், ஹாஸ்டல் எல்லாம் இலவசம் என்கிறார். வாக்கு கொடுத்த பையனை இழுப்பது சரியா?

ராயபுரம் கோல்கீப்பர்: அமெரிக்காவிலேயே வாய்ச்சொல் யாரையும் கட்டாது, கோச்சும் கைவிடலாம், பையனும் மாறலாம், கையெழுத்து விழும்வரை மற்ற காலேஜ்கள் துரத்திக்கொண்டேதான் இருக்கும். உங்கள் முதல் கோச் மட்டும் சீட்டை எழுதியா கொடுத்தார்?

காசிமேடு அண்ணன்: அது சரி, ஆனால் மாறுவதாக இருந்தால் அவரிடம் நேரில் போய்ச் சொல்லுங்க தம்பி. அடுத்த வருஷம் நம்ம ஏரியா பசங்க அதே டிரையல்ஸுக்குத்தான் போகணும்.

வியாசர்பாடி விங்கர்: ஹாஸ்டல் இலவசம் என்பதை லெட்டர்ஹெட்டில் கேட்டேன் அண்ணே. அப்புறம் போனையே எடுக்கவில்லை.