வால்வ் ஆம்ப் சூடு, தகரக் கூரை ரூம்... ஏர்கோன் போட்டாதான் ஆகுமா?

தோட்டத்து_ரசிகன்:
வணக்கம் அண்ணன்மாரே. நான் மலேசியா பேராக்ல சுங்கை சிப்புட் பக்கம், முன்ன ரப்பர் தோட்டமா இருந்து இப்ப தாமான் (குடியிருப்பு) ஆன இடம். வீட்டுக்குப் பின்னாடி இழுத்துக் கட்டுன ரூம், தகரக் கூரை, கீழ மெல்லிசா சீலிங் பலகை, 10க்கு 12 அடி இருக்கும், அதுலதான் பாட்டு கேக்குற செட்டு வச்சிருக்கேன். இஎல்34ங்கிற பெரிய வால்வ் (பழைய ரேடியோவுல வர்ற கண்ணாடிக் குழாய்) நாலு போட்ட, ஜோடி ஜோடியா வேலை செய்ற புஷ்புல் ஆம்ப், முன்னால சின்ன வால்வ் நாலு. பழைய பாட்டு எல்பி போட்டா பாடுறவங்க மூச்சு எடுக்கிறது கூட கேக்குது, அதுக்காகவே இதை விட மனசு வரல. ஆனா மத்தியானத்துல ஒரு ரெக்கார்டு ரெண்டு பக்கமும் கேட்டு முடிக்க முடியல, சட்டை பிழியிற மாதிரி ஆயிடுது. மேல காத்தாடி இருக்கு, அது சூட்டுக் காத்தையே சுத்திச் சுத்தி அடிக்குது. வீட்டுல 1 எச்பி ஏர்கோன் போதுமா, ஆம்ப் இருக்கிறதால 1.5 போடணுமானு கேக்குறாங்க. சத்தத்தைக் குறைச்சு வச்சா சூடு குறையுமா? ஆம்ப் இப்ப மர ரேக்கு நடுத்தட்டுல இருக்கு, மேல் பலகை தொட முடியாத சூடு. ஃபேனைத் திருப்பி வால்வ் மேல அடிச்சா கண்ணாடி விரிசல் விட்டுடும்னு பக்கத்து வீட்டு மாமா சொல்றாரு, அது உண்மையா? விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

பழைய_ரேடியோகாரர்:
தம்பி, முதல்ல கணக்கைப் பார்ப்போம், அப்புறம் ஏர்கோன் வாங்குறதப் பத்திப் பேசலாம். இஎல்34 ஒண்ணுக்கு ஹீட்டர் (உள்ள சிவக்கிற சூட்டுக் கம்பி) மட்டும் 6.3 வோல்ட், 1.5 ஆம்பியர், அதாவது 9 வாட்டுக்கு மேல, நாலுக்கும் 38 வாட் ஆச்சு. பிளேட்ல (வால்வுக்குள்ள உயர் வோல்ட் வர்ற தகடு) 430 வோல்ட்டும் 40 மில்லிஆம்பியரும் ஓடுதுன்னு வச்சா ஒரு வால்வுக்கு 17 வாட், நாலுக்கும் 70 கிட்ட. சின்ன வால்வ், டிரான்ஸ்ஃபார்மர் எல்லாம் சேத்தா 150லேர்ந்து 200 வாட்டுக்குள்ள வரும். பாட்டு ஓடுனாலும் ஓடாட்டியும் இது பெருசா மாறாது, சும்மா நிக்கும்போதே கரண்ட் ஓடிக்கிட்டுத்தான் இருக்கும். அதனால சத்தத்தைக் குறைச்சா சூடு குறையாது, கேக்காத நேரத்துல ஆஃப் பண்ணாத்தான் குறையும்.

இப்ப இதையும் பாரு. சும்மா உக்காந்திருக்கிற மனுசன் உடம்புலேர்ந்தே 100 வாட் கிட்ட சூடு வெளிய வருது, அப்ப உன் ஆம்ப் ரூமுக்குள்ள கூடுதலா ரெண்டு பேர் உக்காந்திருக்கிற மாதிரி, அவ்வளவுதான். 1 எச்பி ஏர்கோன்னா குளிர்விக்கிற சக்தி மணிக்கு 9000 பிடியு, வாட்டுல 2600 வரும், அதுக்கு இந்த 200 வாட் ஒரு பாரமே இல்ல, ஆம்புக்காக 1.5 வாங்க வேண்டியதில்ல. உன்னை வேக வைக்கிறது கூரை. உச்சி வெயில்ல சதுர மீட்டருக்கு 1000 வாட் வரைக்கும் விழும், உன் ரூமுக்கு 11 சதுர மீட்டர் கூரை. அதுல ஒரு பங்கு உள்ள இறங்குனாலே ஆம்ப் சூட்டை விட பல மடங்கு. தகரத்துக்கும் சீலிங்குக்கும் நடுவுல அலுமினியம் ஃபாயில் போடு, ஹாட்வேர் கடையில சுருளா விக்கிறாங்க, பளபளப்புப் பக்கம் கொஞ்சம் காத்து இடைவெளி பார்த்து இருக்கணும், தகரத்தோட ஒட்டிப் போட்டா வேலைக்கு ஆகாது. முடிஞ்சா தகரத்துக்கு மேல வெள்ளைப் பெயின்ட், சுவத்து உச்சியில காத்துப் போற ஓட்டை. முதல்ல இதைச் செஞ்சி பாரு, அப்புறமும் வேணும்னா ஏர்கோன் போடு, சின்னதே போதும்.

செம்பனைக்காத்து:
அண்ணன் சொன்னது மனுசன் படுற சூடு, ஆம்ப் படுற சூடு தனிக் கதை. நீங்க மர ரேக்கு நடுத்தட்டுல வச்சிருக்கிறதுதான் எனக்குப் பயமா இருக்கு ப்ரோ, இன்னைக்கே வெளிய எடுத்து மேல் தட்டுல வச்சிருங்க, தலைக்கு மேல ஒண்ணுமே இருக்கக் கூடாது. வால்வ் சூட்டுக்குப் பொறந்தது, கண்ணாடி 200 டிகிரியைத் தாண்டியும் நிக்கும். ஆனா கீழ சேஸிஸ் பெட்டிக்குள்ள இருக்கிற எலக்ட்ரோலிட்டிக் கப்பாசிட்டர் (மின்சாரத்தைச் சேத்து வைக்கிற பாகம்) தாங்காது, அதுக்கு ஒவ்வொரு 10 டிகிரி கூடும்போதும் ஆயுசு பாதியாகும்னு ஒரு பொதுக் கணக்கு இருக்கு. மாத்தும்போது 85 டிகிரி போட்டது வாங்காதீங்க, 105 டிகிரி போட்டதா கேட்டு வாங்குங்க.

ஃபேன் அடிச்சா கண்ணாடி விரிசல் விடாது, காத்து காத்துதானே. தண்ணித் துளி பட்டாத்தான் ஆபத்து, அதனால ஏர்கோன் போட்டா அதுக்கு நேர் கீழ மட்டும் ஆம்பை வைக்காதீங்க, அது ஒருநாள் இல்லன்னா ஒருநாள் ஒழுகும். நான் வச்சிருக்கிறது 120 மில்லிமீட்டர் கம்ப்யூட்டர் ஃபேன், 12 வோல்ட் ஃபேனை 7 வோல்ட்ல ஓட்டுறேன், சத்தமே கேக்காது, ஆம்புக்குப் பின்னால நிறுத்தி சூட்டை ஜன்னல் பக்கம் தள்ளுற மாதிரி. ஆம்புக்குக் கீழ பித்தளைக் கால் வச்சு ஒரு விரல்கடை தூக்கி விட்டீங்கன்னா அடியிலேர்ந்தும் காத்து ஏறும். அப்புறம் பல்லி! வெதுவெதுன்னு இருக்கிற இடம்னா அதுக்கு ரொம்பப் பிடிக்கும், உள்ள போயி 400 வோல்ட்ல மாட்டுச்சுன்னா பல்லியும் போச்சு ஃபியூஸும் போச்சு. அடிப்பக்கம் காத்து ஓட்டைக்கு மெல்லிசா கம்பி வலை வச்சிருங்க, ஆனா வலை கழண்டு உள்ள விழாத மாதிரி இறுக்கி ஸ்க்ரூ போடணும், இது ரொம்ப முக்கியம்.

ஈப்போ_வயர்மேன்:
யாருமே கேக்காத ஒரு கேள்வி: உங்க ஆம்புக்குப் பின்னால எத்தனை வோல்ட்னு போட்டிருக்கு? நம்ம நாட்டுல முன்ன 240, 2008லேர்ந்து 230ன்னு மாத்துனாங்க, ஆனா அதுக்கு மேல 10 சதவீதம் வரைக்கும் ஏறலாம்ங்கிறதும் அதே விதிதான், நிறைய வீட்டுல இன்னும் 240க்கு மேலதான் வருது. 220க்குச் செஞ்ச ஆம்பை அதுல சொருகினா ஹீட்டர், பிளேட் எல்லாத்துலயும் வோல்ட் கூடுதலா ஓடும், அந்தச் சூடுதான் வீணான சூடு. அமெரிக்காவுலேர்ந்து பழசு வாங்குறவங்களுக்கும் இதைச் சொல்றேன், அந்த ஊர் பழைய செட்டுங்க நிறைய 60 ஹெர்ட்ஸுக்குச் செஞ்சது, நம்ம கரண்ட் 50 ஹெர்ட்ஸ், ஸ்டெப்டவுன் வச்சு வோல்ட்டை இறக்குனாலும் ஹெர்ட்ஸ் மாறாது, டிரான்ஸ்ஃபார்மர் கூடுதலா சுடும்.

தோட்டத்து_ரசிகன்:
ரொம்ப நன்றி எல்லாருக்கும். ஆம்பை வெளிய எடுத்து மேல வச்சிட்டேன். வயர்மேன் அண்ணே, நீங்க சொன்னது சரியாப் போச்சு, பின்னால ஸ்டிக்கர்ல 220 வோல்ட்தான் போட்டிருக்கு, வேற எதுக்கும் மாத்துற சுவிட்ச் இல்ல. தெரிஞ்ச டெக்னீஷியன் அண்ணன் வந்து அளந்தாரு, சுவத்துல 246, ஹீட்டர்ல 7 வோல்ட் கிட்ட வருது. 6.3 வர வேண்டிய இடத்துல இது ரொம்ப அதிகமா? டிரான்ஸ்ஃபார்மரையே மாத்தணுமா?

ஈப்போ_வயர்மேன்:
ஆமா, அதிகம். 10 சதவீதம் வரைக்கும் விட்டாலே 6.9ல நிக்கணும். டிரான்ஸ்ஃபார்மர் மாத்த வேண்டாம். 240க்கு 24 வோல்ட் தர்ற டிரான்ஸ்ஃபார்மர் ஒண்ணு, 3 ஆம்பியருக்குக் குறையாம வாங்கி, அதோட 24 வோல்ட் பக்கத்தை மெயின்ஸ் லைன்ல எதிர்த்திசையில தொடரா சேக்கணும். 246ல 24 சொச்சம் கழிஞ்சு ஆம்புக்கு 221 போகும், ஹீட்டர் 6.3க்குத் திரும்பிடும். திசை தப்பாச்சுன்னா கழியிறதுக்குப் பதிலா கூடி 270 ஆயிடும், அதனால ஆம்பைச் சொருகாம முதல்ல மீட்டர் வச்சுப் பார்க்கணும். தனிப் பெட்டி, ஃபியூஸ், எர்த் எல்லாம் வேணும், லைசன்ஸ் உள்ள வயர்மேன் கையில கொடுத்துச் செய்ங்க தம்பி, சின்னப் பிள்ளைங்க இருக்கிற வீடா இருந்தா இதுல சுணக்கம் வேண்டாம்.

பழைய_ரேடியோகாரர்:
வோல்ட் இறங்குனதுக்கப்புறம் பயஸ் (வால்வ் சும்மா நிக்கும்போது ஓடுற கரண்ட் அளவு) மறுபடி பார்க்கச் சொல்லு, முன்ன வச்சது செல்லாது. இஎல்34 பிளேட்டுக்கு 25 வாட் எல்லை, எல்லாரும் 70 சதவீதத்துல வைப்பாங்க, உன் ரூமுக்கு 60 சதவீதம் போதும், 15 வாட். காதுக்கு வித்தியாசம் தெரியிறது கஷ்டம், ஆனா வால்வுக்கும் கப்பாசிட்டருக்கும் நல்லது.

சிப்பாங்_சிவப்பு_வால்வ்:
எல்லாரும் சொன்னது சரி, ஆனா ஏர்கோனை அவ்வளவு சுலபமா தள்ளிடாதீங்க. நம்ம ஊர் ஈரத்துக்கு எல்பி அட்டையெல்லாம் பூசணம் பிடிச்சுப் போகுது, டிரை மோடுல கொஞ்ச நேரம் ஓட விட்டா ரெக்கார்டுக்கே பெரிய உதவி. நான் பகல் முழுக்க மின்னல் எஃப்எம் கேக்கிறதுக்கு சின்ன டிரான்சிஸ்டர் ஆம்ப் ஒண்ணு வச்சிருக்கேன், வால்வை சாயங்காலம் மழை விட்ட பிறகுதான் போடுறது. இடி இடிக்கும்போது சுவிட்சை மட்டும் நிறுத்தாம பிளக்கையே உருவிடுங்க, ஏரியல் வயரையும் சேத்து.

தோட்டத்து_ரசிகன்:
சரிண்ணே. வயர்மேன் சனிக்கிழமை வர்றாரு, ஃபாயிலும் வாங்கியாச்சு. பெட்டி வேலை முடிஞ்சதும் ஹீட்டர் வோல்ட் எவ்வளவு வந்துச்சுன்னு இங்கயே போடுறேன், 220 செட்டு வச்சிருக்கிற மத்தவங்களுக்கும் உதவும்.