தண்டர்பேர்ட்ஸ் ஊத்திக்கிச்சு, அப்புறம் ஜொனாதன் ஃப்ரேக்ஸ் டிவிக்கே திரும்பிட்டாரு, இது இறக்கமா?

விண்மீன்_வாசகன்:
ஸ்டார் ட்ரெக் நெக்ஸ்ட் ஜெனரேஷன்ங்குற விண்வெளிக் கப்பல் டிவி சீரிஸ்ல கமாண்டர் ரைக்கரா வந்தவரப் பத்திதான் கேக்குறேன். 1996ல ஃபர்ஸ்ட் கான்டாக்ட்னு ட்ரெக் படம் எடுத்தாரு, உலகம் பூரா 14 கோடி டாலருக்கு மேல வசூல், 1998ல அடுத்த ட்ரெக் படம் இன்சரெக்‌ஷன், அப்புறம் 2004ல தண்டர்பேர்ட்ஸ் படம் பலமா அடி வாங்குச்சு, அதோட பெரிய படம் எதுவும் அமையல, திரும்ப டிவி எபிசோட் எடுக்கப் போயிட்டாரு. என் ஃப்ரெண்ட் இத தோல்விங்கிறான். எனக்கு மனசு ஒப்பல, ஆனா பதில் சொல்லவும் வரல. சீரிஸ்ல கதை ரைட்டர்ஸ் கையில, செட்டு ஏற்கனவே நிக்குது, நடிகருக்கு அவங்க கேரக்டர் அத்துப்படி, அப்ப டைரக்டர் வந்து என்னதான் பண்றாரு?

கப்பல்காரி:
1992ல நெக்ஸ்ட் ஜெனரேஷனுக்கு அவர் எடுத்த காஸ் அண்ட் எஃபெக்ட் எபிசோட் பாத்தீங்களா? ஆரம்பிச்ச உடனே கப்பல் வெடிச்சு எல்லாரும் காலி, டைட்டில் ஓடுது, பாத்தா அதே நாள் மறுபடி முதல்லருந்து, அதே சீட்டாட்டம், ஏறக்குறைய அதே டயலாக். ஒரு தடவ எடுத்தத நாலு தடவ ஒட்டிருந்தா வேலை சுலபமா முடிஞ்சிருக்கும். அவர் அப்படி செய்யல, ஒவ்வொரு சுத்துக்கும் அதே சீன திரும்ப ஷூட் பண்ணாரு, கேமரா வேற இடத்துல நிக்கும், ஆங்கிள் மாறும், கப்பலோட டாக்டர் க்ரஷர் முகத்துல இத எங்கயோ பாத்தோமேங்குற குழப்பம் கொஞ்சம் கொஞ்சமா ஏறும். சுத்தி சுத்தி வர்ற கதைய எழுதினது ரைட்டர் ப்ரானன் ப்ராகா, அத நம்மள அலுக்காம பாக்க வச்சது டைரக்டர். உங்க ஃப்ரெண்டுக்கு இந்த ஒரு எபிசோட போட்டுக் காட்டுங்க போதும்.

எடிட்டிங்_மேஜை:
அவருக்கு அந்த நாற்காலி சும்மா கிடைக்கல. டைரக்ட் பண்ணணும்னு கேட்டப்ப ப்ரொட்யூசர் ரிக் பெர்மன் உடனே தலையாட்டல, முதல்ல போய் கத்துக்கிட்டு வான்னுட்டாரு, அப்புறம் நடிப்பு முடிஞ்ச நேரமெல்லாம் எடிட்டிங் ரூம், சவுண்ட் மிக்ஸிங்னு மாசக்கணக்குல உக்காந்தாரு. அப்படி வந்ததுதான் 1990ல தி ஆஃப்ஸ்ப்ரிங், டேட்டாங்குற ரோபோ கேரக்டர் தனக்கு ஒரு மகள செஞ்சுக்குவாரே, லால், அது. முதல் எபிசோடுன்னு நம்பவே முடியாது, கடைசி பத்து நிமிஷம் எனக்கு இப்பவும் தொண்டைய அடைக்கும்.

அவருக்கு அப்புறம்தான் கூட நடிச்சவங்கள்ல பேட்ரிக் ஸ்டூவர்ட், லெவார் பர்ட்டன், கேட்ஸ் மெக்ஃபேடன்னு ஒவ்வொருத்தரா டைரக்ட் பண்ணாங்க. இன்னொரு ட்ரெக் சீரிஸான வாயேஜர்ல நடிச்ச ராக்ஸன் டாசனும் ராபர்ட் டங்கன் மெக்நீலும் பின்னாடி முழுநேர டைரக்டராவே ஆயிட்டாங்க.

பழைய_ரசிகர்:
பழைய ட்ரெக்ல ஸ்பாக்கா நடிச்ச லியனர்ட் நிமாய் முன்னாடியே ரெண்டு ட்ரெக் படம் எடுத்தாரே, அவரையும் சேத்துக்கணும்.

ஒண்ணு மட்டும் சொல்றேன், டைரக்டரால எல்லாத்தையும் காப்பாத்த முடியாது. 1994ல சப் ரோசான்னு மெழுகுவர்த்தி பேய்க்கதை ஒண்ணு வந்துச்சு, அதுவும் இவரேதான் எடுத்தாரு, ஸ்க்ரிப்ட் சரியில்லாததால யாராலும் தூக்கி நிறுத்த முடியல. ஆனா 1991ல தி ட்ரம்ஹெட், பணம் மிச்சம் பிடிக்க இருக்குற செட்டுலயே முடிச்ச எபிசோட், ஒரு விசாரணை ரூமு, பேசுறவங்க முகம், அவ்வளவுதான், சண்டை இல்ல வெடி இல்ல, ஆனா நகர முடியாது. ஒரு எபிசோடுக்கு ஏழெட்டு நாள்தான் ஷூட்டிங், அதுக்குள்ள இத எடுக்கத் தெரியுறதுக்குப் பேருதான் தொழில். அவர ரெண்டு டேக் ஃப்ரேக்ஸ்னு கூப்புடுவாங்க, ரெண்டே டேக்ல அடுத்த ஷாட்டுக்குப் போயிடுவாரு.

கப்பல்காரி:
இறக்கம்னா 2017லருந்து தி ஆர்வில், டிஸ்கவரி, பிகார்ட்னு ஒவ்வொரு விண்வெளி சீரிஸுக்கும் ஏன் திரும்பத் திரும்ப கூப்புட்டாங்க? 2023ல ஸ்ட்ரேஞ்ச் நியூ வேர்ல்ட்ஸ்ங்குற ட்ரெக் சீரிஸ்ல, ட்ரெக்கோட கார்ட்டூன் சீரிஸ்லருந்து ரெண்டு கேரக்டர நிஜ ஆளா கொண்டுவந்த அந்த எபிசோடும் இவர்தான். கொஞ்சம் பிசகினாலும் கோமாளித்தனமா போயிருக்கும். எழுபது வயசுக்காரர் அத அவ்வளவு குஷியா எடுத்திருக்காரு.

விண்மீன்_வாசகன்:
ட்ரம்ஹெட் நான் பாத்ததே இல்ல, நைட்டு அவனையும் உக்கார வச்சு பாக்குறேன். சப் ரோசா அவன் கண்ணுல படாம பாத்துக்கணும்.