ரெக்கார்ட் பட்டனை அழுத்தினால் தொண்டை அடைக்கிறது, 63 டேக் ஆகியும் ஒன்றும் தேறவில்லை

தறிவீட்டுப்பையன்:
வணக்கம். ஊர் சேலம், கொண்டலாம்பட்டி. முறையாகப் பாட்டு கற்றவன் இல்லை. ஆனால் பத்து வருடமாக மார்கழி பஜனையில் பாடுகிறேன், நூறு பேர் முன்னால் மைக் பிடித்தாலும் கை நடுங்கியதில்லை. வீட்டில் தனியாக உட்கார்ந்து ரெக்கார்ட் செய்தால் மட்டும் யாரோ கழுத்தைப் பிடித்த மாதிரி ஆகிவிடுகிறது.

அம்மா தறியில் உட்கார்ந்தபடியே என்னையும் தங்கையையும் தூங்கவைக்கப் பாடிய தாலாட்டு ஒன்று இருக்கிறது. அம்மாவுக்கே இப்போது பாதி வரி மறந்துவிட்டது. தங்கைக்குத் தை மாதம் பிரசவம், அதற்குள் பதிவு செய்து கொடுத்துவிடலாம் என்று ஆரம்பித்தேன். மூன்று நிமிடப் பாட்டுக்கு மூன்று வாரம் ஆகிவிட்டது. ஒவ்வொரு தடவையும் பாடி முடித்த கையோடு போட்டுக் கேட்பேன், இரண்டாவது வரியிலேயே ஏதாவது உறுத்தும், மறுபடி முதலிலிருந்து. மேலே ஏறும் இடம் வருவதற்கு முன்பே பயம் வந்துவிடுகிறது. இப்போது என் குரலே எனக்குப் பிடிக்கவில்லை.

மைக்கை லேப்டாப்போடு இணைக்கும் யுஎஸ்பி இன்டர்ஃபேஸ், கண்டென்சர் மைக், வயர் ஹெட்போன், லேப்டாப்பில் ரீப்பர் என்ற ரெக்கார்டிங் சாஃப்ட்வேர். மாடி அறை. பகலெல்லாம் சுற்றிலும் விசைத்தறி ஓடுவதால் இரவு 11 மணிக்கு மேல்தான் பாடுகிறேன். மைக்கை மாற்றணுமா, இல்லை எனக்கே இது ஒத்துவராதா?

அஸ்தம்பட்டி_ஒலி:
மைக் மேல் பழி போடாதீர்கள் தம்பி. உங்கள் குரல் ஹெட்போனுக்கு ரீப்பரைச் சுற்றி வருகிறதா, நேராக வருகிறதா? பஃபர், அதாவது லேப்டாப் ஒரு தடவைக்குச் சேர்த்துவைத்து அனுப்பும் ஒலியின் அளவு, எவ்வளவு? லெவல் எங்கே நிற்கிறது?

தறிவீட்டுப்பையன்:
ரீப்பர் வழியாகத்தான் அண்ணா. பஃபர் 1024. லெவல் நிறைய வரட்டும் என்று ஏற்றி வைத்திருக்கிறேன், உச்சத்தில் சிவப்பு எரியும், அதனால் அந்த இடத்தில் மட்டும் அடக்கிப் பாடுவேன்.

அஸ்தம்பட்டி_ஒலி:
பாதி வியாதி பிடிபட்டது. நொடிக்கு 44,100 சாம்பிள் ஓடும்போது 1024 சாம்பிள் பஃபர் என்றால் குரல் உள்ளே போவதற்கே 23 மில்லிசெகண்ட், திரும்ப வர கிட்டத்தட்ட இன்னொரு 23. வாயில் பாடுவது ஒன்று, காதில் விழுவது பின்னாலேயே ஓடிவரும் இன்னொன்று. பஜனையில் இந்தத் தொல்லை கிடையாது, அதனால்தான் அங்கே தைரியம். குரலை நேராக ஹெட்போனுக்கு அனுப்பும் டைரக்ட் மானிட்டர் பட்டன் இன்டர்ஃபேஸில் இருந்தால் அதைப் போட்டு, ரீப்பரில் டிராக்கின் மானிட்டரை அணைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் பஃபரை 128க்கு இறக்குங்கள், ஒரு பக்கத்துக்கு 3 மில்லிசெகண்ட்கூட வராது. ஹெட்போனை ஒரு காதிலிருந்து கழற்றி வைத்துக்கொண்டும் பாடிப் பாருங்கள், நிறையப் பேர் அப்படித்தான் பாடுகிறார்கள்.

லெவல் விஷயம் அதைவிட மோசம். சிவப்பு எரியும் என்று பயந்துதான் உச்சத்தில் குரல் சுருங்குகிறது. 24 பிட்டில் வையுங்கள், கெயினைக் குறைத்து, நீங்கள் கத்தினாலும் மைனஸ் 10, 12 டெசிபெல்லைத் தாண்டாதபடி பார்த்துக்கொள்ளுங்கள். அலை சின்னதாகத் தெரியும், கவலை வேண்டாம், அப்புறம் ஏற்றிக்கொள்ளலாம். இன்னொன்று, பாடும்போது திரையைப் பார்க்காதீர்கள். அந்த அலையைப் பார்த்துக்கொண்டே பாடுவது, கண்ணாடி முன் உட்கார்ந்து சாப்பிடுகிற மாதிரி.

குகைக்காரன்:
63 டேக்கா! நம்ம ஊர் சினிமா ஸ்டூடியோ மாடர்ன் தியேட்டர்ஸ் ஆரம்பித்தது 1935இல். டேப் வராத அந்தக் காலத்தில் பாடுகிறவரும் வாத்தியக்காரர்களும் ஒன்றாக நின்று ஒரே மூச்சில் முடிக்கணும், ஒருத்தர் பிசகினாலும் எல்லாருக்கும் முதலிலிருந்து. ஏற்காடு ரோட்டில் அந்த ஸ்டூடியோவின் நுழைவாயில் வளைவைத் தாண்டும்போது ஒரு கும்பிடு போட்டுவிட்டு வாங்க, சரியாகிவிடும்.

ஏற்காட்டுப்_பாட்டுடீச்சர்:
குகைக்காரரே, பயந்து கிடக்கிற பிள்ளையிடம் சொல்கிற கதையா இது? அவர்கள் உட்கார்ந்து ஒத்திகை பார்த்ததைக் கணக்கில் சேர்க்காமல் ஒரே மூச்சு என்கிறீர்கள். தம்பி ஒத்திகையையும் ரெக்கார்டிங்கையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பியிருக்கிறார், அவ்வளவுதான்.

தம்பி, ஒரு சந்தேகம். நீங்கள் எந்தக் கட்டையில், அதாவது எந்த ஸ்ருதியில் பாடுகிறீர்கள்?

தறிவீட்டுப்பையன்:
ஸ்ருதிப்பெட்டி ஆப்பில் ஐந்தரை வைத்திருக்கிறேன் அக்கா. அம்மா முணுமுணுத்தது அதில்தான் சரியாக உட்கார்ந்தது.

ஏற்காட்டுப்_பாட்டுடீச்சர்:
அங்கேதான் கோளாறு. பெண்கள் பெரும்பாலும் ஐந்து, ஐந்தரை, ஆறு கட்டையில் பாடுவோம். ஆண் குரலுக்கு அது மேலேயும் ஒட்டாது, கீழே இறங்கினாலும் காற்றுதான் வரும். ஒன்று, ஒன்றரை, இரண்டு என்று வைத்துப் பாருங்கள். அம்மா பாட்டைத்தான் பாடுகிறீர்கள், அம்மா குரலை இல்லையே.

இரவு 11 மணிக்கு எல்லாரும் தூங்கும்போது பாடுவதும் எனக்குச் சரியாகப் படவில்லை. தாலாட்டு மெதுவாகத்தானே பாடணும் என்பீர்கள். மெதுவாகப் பாடுவது வேறு, யாராவது எழுந்துவிடுவார்களோ என்று அடக்குவது வேறு. பாடுவதற்கு முன் ஒரு டம்ளர் தண்ணீரில் ஸ்ட்ராவை விட்டு, குமிழி வர "ஊ" என்று ஐந்து நிமிடம் ஏறி இறங்குங்கள், தொண்டை இளகும்.

குரல் பிடிக்கவில்லை என்பதற்கும் காரணம் உண்டு. நம் குரல் நமக்குக் காது வழியாக மட்டும் கேட்பதில்லை, மண்டை எலும்பு வழியாகவும் கனமாகக் கேட்கிறது. மைக்குக்கு எலும்பு கிடையாது. உங்கள் தங்கைக்குத் தெரிந்தது மைக்கில் விழுகிற குரல்தான்.

கடைசியாக, பாடிய கையோடு கேட்காதீர்கள். மூன்று தடவை முழுதாகப் பாடுங்கள், பிசகினாலும் நிறுத்தாமல். மூடி வைத்துவிட்டு மறுநாள் கேளுங்கள்.

அஸ்தம்பட்டி_ஒலி:
டீச்சர் சொன்ன மூன்றும் இருந்தால் போதும். நல்ல வரிகளைப் பொறுக்கி ஒன்றாகச் சேர்த்துவிடலாம், ஸ்டூடியோவில் எல்லாரும் செய்வதுதான், அது மோசடி இல்லை.

குகைக்காரன்:
கோபிக்காதீங்க டீச்சர். தம்பி, பிராயச்சித்தமாக ஒரு யோசனை. மாதாந்திரப் பராமரிப்புக்குக் கரண்ட் நிறுத்துவார்களே, அன்றைக்குத் தறி ஒன்றும் ஓடாது. லேப்டாப் பேட்டரியை முந்தின நாளே ஏற்றிக்கொள்ளுங்கள், இன்டர்ஃபேஸ் யுஎஸ்பியிலேயே ஓடும். ஃபேன் சத்தமும் இருக்காது. பின்னால் ரெண்டு ஜமக்காளத்தைத் தொங்கவிட்டால் எதிரொலியும் குறையும்.

தறிவீட்டுப்பையன்:
பதினோரு நாள் கழித்து வருகிறேன். நேற்று கரண்ட் இல்லை. டைரக்ட் மானிட்டர், ஒன்றரைக் கட்டை, லேப்டாப்பைச் சுவர் பக்கம் திருப்பி வைத்து மூன்று தடவை. வியர்த்துக் கொட்டியது. இரண்டாவதில் ஒரு காக்கா புகுந்துவிட்டது. மூன்றாவதில் அம்மா மாடிப்படியில் உட்கார்ந்து கூடவே பாட ஆரம்பித்துவிட்டார், மறந்துபோனது என்று சொன்ன வரி உட்பட. லேசாக மைக்கில் விழுந்திருக்கிறது. இன்று காலையில்தான் கேட்டேன். உச்சத்தில் நான் கொஞ்சம் பிசகியிருக்கிறேன், அம்மா ஸ்ருதியில் இல்லவே இல்லை. முதல் டேக் சுத்தமாக இருக்கிறது. எதைக் கொடுப்பது?

ஏற்காட்டுப்_பாட்டுடீச்சர்:
இதைக் கேட்கவும் வேண்டுமா தம்பி?

அஸ்தம்பட்டி_ஒலி:
மூன்றாவது. இரைச்சல் குறைக்கும் ஃபில்டர் எதையும் போட்டுவிடாதீர்கள், அம்மா குரலையும் அரித்துவிடும்.