ஜப்பானியர் ‘ஹை’ என்று தலையசைத்தால் சம்மதம் என்று கொள்ளலாமா?

கேள்வி: வார்ப்படக்காரன்

கோவையில் மோட்டார் வாகன உதிரிபாகங்களை வார்த்துக் கொடுக்கும் ஒரு சிறு தொழிற்சாலையில் பணியாற்றுகிறேன். சென்ற மாதம் நகோயாவில் உள்ள வாடிக்கையாளருடன் காணொளிக் கூட்டம் நடந்தது. சரக்கை இரண்டு தவணைகளாகப் பிரித்து அனுப்ப வேண்டியிருப்பதன் காரணங்களை நான் அரை மணி நேரம் விளக்கினேன். எதிர்த்தரப்பில் இருந்த மூவரும் வாக்கியத்துக்கு வாக்கியம் தலையசைத்து ‘ஹை, ஹை’ என்றார்கள். ‘ஹை’ என்றால் ‘ஆம்’ என்றே படித்திருந்ததால், ஒப்புக்கொண்டுவிட்டார்கள் என்று முதலாளியிடம் சொல்லிவிட்டேன். மூன்றாம் நாள், பழைய அட்டவணையில் மாற்றமில்லை என்று மின்னஞ்சல் வந்து நின்றது. அதைவிட விசித்திரம், அவர்கள் பேசியபோது நான் எந்த அம்சத்தை மறுத்தேன் என்று மொழிபெயர்ப்பாளர் பிறகு கேட்டதுதான். நான் எதையும் மறுக்கவே இல்லை. அனுபவமுள்ளவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

பதில்: யோகோஹாமாவாசி

நீங்கள் பார்த்தது சம்மதம் அன்று; நம் ஊரில் ‘உம் கொட்டுவது’ என்கிறோமே, அதுதான். பாட்டி கதை சொல்லும்போது குழந்தை உம் கொட்டாவிட்டால் ‘தூங்கிட்டியா?’ என்று கேட்டுக் கதையை நிறுத்திவிடுவாள். ஆனால் குழந்தை உம் கொட்டுவதால் கதையில் வரும் ராட்சசனை ஒப்புக்கொண்டதாகப் பொருளில்லை. ஜப்பானிய மொழியில் இதன் பெயர் ‘ஐஸுச்சி’. கொல்லன் பட்டறையில் இருவர் எதிரெதிரே நின்று, ஒருவர் அடித்ததும் மற்றவர் அடிப்பதாக மாறி மாறிச் சம்மட்டி போடுவதிலிருந்து வந்த சொல் அது. நாமும் ‘கொட்டுதல்’ என்றே சொல்கிறோம் என்பதைக் கவனித்தபோது எனக்கு வியப்பாக இருந்தது. தொலைபேசியில் நாம் சற்று நேரம் பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தாலே, இணைப்பு அறுந்துவிட்டதோ என்று ‘மொஷி மொஷி’ என அழைப்பார்கள்.

மறுப்பை வேறு இடத்தில் தேட வேண்டும். பற்களுக்கிடையே காற்றை உள்ளிழுத்து, ‘ஸோ தெஸ் நே…’ என்று இழுத்து, தலையை ஒரு பக்கமாகச் சாய்த்தால் தயக்கம் என்று கொள்ளுங்கள். ‘முஸுகாஷீ’, அதாவது கடினம், என்றால் பெரும்பாலும் முடியாது என்பதே பொருள். ‘பரிசீலிக்கிறோம்’ என்ற பொருளில் வரும் ‘கென்தோ ஷிமாஸ்’ என்பதை நம்பி யாரும் அச்சு வார்க்கத் தொடங்க வேண்டாம்.

உங்கள் இரண்டாவது புதிருக்கும் இதிலேயே விடை இருக்கிறது. தலையை ஒரு பக்கம் சாய்ப்பது நமக்குச் ‘சரி’, அவர்களுக்கோ ஐயம்.

பதில்: மொழியியல் மாணவி

மேலே சொன்னதோடு ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். நம் தலையாட்டலில் எந்த அச்சில் தலை அசைகிறது என்பதே முக்கியம். முகம் இடமும் வலமுமாகத் திரும்பினால் மறுப்பு. முகம் எதிரே இருப்பவரை நோக்கியபடியே இருக்க, காது தோளை நோக்கிச் சாய்ந்தால் இசைவு. ஒரே வெட்டாகச் சாய்த்தால் ‘சரி, செய்கிறேன்’. மெதுவாகப் பலமுறை ஆட்டினால் ‘புரிகிறது, சொல்லுங்கள்’. நமக்கு இது சிறுவயதிலேயே படிந்துவிடுகிறது, ஆனால் தீப்பெட்டி அளவிலான காணொளிச் சட்டத்தில் இரண்டையும் பிரித்தறிவது, பழகாத கண்ணுக்கு எளிதன்று.

தலையசைப்பு எல்லா மனிதருக்கும் பொதுவானதா என்ற ஐயம் பழையது. 1867இல் சார்லஸ் டார்வின் உலகின் பல பகுதிகளுக்கு அனுப்பிய வினாப்பட்டியலில் இதுவும் ஒரு கேள்வி. பால் வேண்டாத குழந்தை முகத்தைத் திருப்பிக்கொள்வதோடு மறுப்புச் சைகையை அவர் தொடர்புபடுத்தினார். அது பொருத்தமாகத் தோன்றினாலும், பல்கேரியா அந்த விளக்கத்துக்கு அடங்குவதில்லை.

பதில்: சோஃபியா பயணி

அடங்காதுதான். சோஃபியாவில் ஒரு கடையில் ரொட்டி இருக்கிறதா என்று கேட்டேன். கடைக்கார அம்மையார் தலையை இடவலமாக ஆட்டினார். நான் வெளியேறி வீதியில் பாதி தூரம் போன பிறகு ரொட்டியோடு வாசலுக்கு வந்து கூப்பிட்டார். அங்கே இடவலமாக ஆட்டுவது ‘ஆம்’, மேலும் கீழுமாக அசைப்பது ‘இல்லை’. வெளிநாட்டவர் என்று தெரிந்தால் சிலர் நமக்காக முறையை மாற்றிக்கொள்வதுண்டு. அப்போதுதான் உண்மையான குழப்பமே. வாய்ச்சொல்லைப் பிடித்துக்கொண்டேன்: ‘தா’ என்றால் ஆம், ‘நே’ என்றால் இல்லை. எல்லை தாண்டிக் கிரேக்கத்துக்குப் போனால் ‘நே’ என்பதற்கே ‘ஆம்’ என்று பொருள். அங்கே இல்லை என்பதற்குத் தலையைப் பின்னுக்கு உயர்த்தி, நாம் ‘ப்ச்’ என்பதுபோல நாக்கால் ஓர் ஒலி எழுப்புகிறார்கள்.

ஒரு சிறு மாறுபாடு: இதையெல்லாம் பட்டியலாக மனப்பாடம் செய்வதில் எனக்கு நம்பிக்கையில்லை. நகோயாக்காரர்களிடம் ‘இந்தத் தேதி உங்களுக்கு ஏற்றதா?’ என்று எழுத்தில் கேட்டிருந்தால் எழுத்திலேயே விடை வந்திருக்கும்.

வார்ப்படக்காரன்:

அனைவருக்கும் நன்றி. இன்று அந்தக் கூட்டத்தின் பதிவை மீண்டும் பார்த்தேன். இரண்டாம் தவணையின் தேதியை நான் சொன்ன இடத்தில், மூவரில் மூத்தவர் தலையைச் சாய்த்துக் காற்றை உள்ளிழுப்பது தெளிவாகக் கேட்கிறது. நானோ அதற்கு இடமே விடாமல் அடுத்த பக்கத்துக்குத் தாவியிருக்கிறேன். திரையின் மூலையில், அவர் பேசத் தொடங்கிய கணத்திலிருந்து என் தலை பூம்பூம் மாட்டைப் போல ஆடிக்கொண்டே இருக்கிறது.