புல்லுக்குப் பச்சை பெயின்ட்: ஏமாற்றா, வேலையா?

தென்முனை: கன்னியாகுமரியில் எங்கள் விடுதி புல்தரை பிப்ரவரியிலேயே காய ஆரம்பித்துவிடும். ஏப்ரல் லீவுக்கு ஆள் வரும்போது பார்க்கச் சகிக்காது. அமெரிக்காவில் குளிர்காலத்தில் கோல்ஃப் கிரீனுக்கு, அதாவது குழியைச் சுற்றி ஒட்ட வெட்டிய புல்தரைக்கு, பெயின்ட் அடிக்கிறார்களாமே, இங்கேயும் அடிக்கலாமா?

நாஞ்சிலான்: நரைக்கு மை பூசுகிற கதைதான். காசு வாங்குகிற இடத்தில் உயிருள்ள புல் வேண்டாமா?

குலசேகரத்தான்: அண்ணே, நான் வட கரோலினாவில் கோல்ஃப் மைதானத்தில்தான் வேலை பார்க்கிறேன். அங்கே கிரீனில் இருப்பது நம்ம அருகம்புல்லின் கலப்பின வகை. மண்ணின் வெப்பம் 10 டிகிரிக்குக் கீழே போனால் இலை பழுத்துவிடும், தண்டும் வேரும் உறங்கும். அந்த இலை மேல்தான் நிறமி, அதாவது புல்லுக்கென்றே உள்ள பெயின்ட், அடிப்போம். புல் முழுசாகப் பழுக்கும் முன்பே முதல் கோட், வெளுத்தால் இன்னொன்று. கருத்த நிறம் வெயிலை இழுப்பதால் கிரீன் கொஞ்சம் சூடாகவும் இருக்கும்.

நாஞ்சிலான்: குளிரிலும் வளர்கிற ரை புல்லை அதன் மேல் விதைத்தால் குளிர்காலம் முழுக்க நிஜப் பச்சை கிடைக்குமே. பந்து விழுந்த குழியும் மூடும். பெயின்ட் மூடுமா?

குலசேகரத்தான்: மூடாதுதான், அதை ஒத்துக்கொள்கிறேன். கூட்டம் அதிகமுள்ள மைதானத்தில் தேய்மானம் அப்படியே தெரியும். ஆனால் ரை விதைத்தால் குளிரிலும் தண்ணீர், உரம், வெட்டு எல்லாம் வேண்டும். வசந்தத்தில் அது லேசில் போகாது; எழும்பப் பார்க்கிற அருகின் வெளிச்சத்தையும் தண்ணீரையும் பிடுங்கிக்கொள்ளும். எங்கள் மேனேஜர் ரை விதைப்பதை நிறுத்தியதே அதனால்தான்.

தென்முனை: அப்போ எனக்கும் பெயின்ட்தானே?

குலசேகரத்தான்: அங்கேதான் விஷயம். உங்கள் புல் குளிரில் உறங்கவில்லை, தாகத்தில் கிடக்கிறது. நம்ம கடற்கரையில் மணல் தரை, தண்ணீர் நிற்காது. நிறம் பூசினால் போட்டோவில் பச்சை தெரியும், அடியில் செத்தாலும் தெரியாது.

நாஞ்சிலான்: இதைத்தானே முதலிலேயே சொன்னேன்!

குலசேகரத்தான்: இல்லையே, நீங்கள் ஏமாற்று என்றீர்கள். கலிபோர்னியா வறட்சியில் வீட்டுப் புல்தரைக்கே அடித்தார்கள். உயிர் இருக்கும் தரைக்கு அடிப்பதில் தப்பில்லை. சுவர் பெயின்ட் மட்டும் வேண்டாம், இலை மூச்சு முட்டும்.

நாஞ்சிலான்: விருந்தாளி வெள்ளை வேட்டியோடு உட்கார்ந்தால்?

குலசேகரத்தான்: நன்றாகக் காய்ந்த பிறகு ஒட்டாது. பெயின்ட் ஈரமாக இருக்கும்போது உட்கார விட்டால் வேட்டி போச்சு. தென்முனை, முதலில் நாலைந்து இடத்தில் தண்டைக் கிள்ளிப் பாருங்கள். உள்ளே வெளுப்பாக, கெட்டியாக இருந்தால் உயிர் உண்டு. பழுப்பாக ஒடிந்தால் செத்துவிட்டது; பெயின்ட் காசில் ஸ்பிரிங்ளர் போட்டுப் புதுப் புல் நடுங்கள்.

தென்முனை: சரி, நாளை காலையில் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.